மாத்தறதா, ரிப்பேர் பண்றதா? - ஒரு மேக்னெட்ரானின் கதை

போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா ஒரத்தநாடு. பையை கீழ வைக்கறதுக்கு முன்னாடியே அம்மா ஆரம்பிச்சுட்டாங்க. "தம்பி, அந்த ஓவன் சுத்துது, லைட்டும் எரியுது, ஆனா சூடே ஆவ மாட்டேங்குதுப்பா."

2018 நவம்பர்ல கஜா புயல் எங்க பக்கத்து தென்னந்தோப்பை எல்லாம் சாய்ச்சுட்டுப் போனப்ப, நாள்கணக்குல கரண்ட் இல்லாம கிடந்து, திரும்ப வந்ததும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடின பெட்டி அது. அப்பாவுக்கு சுகர். ராத்திரி ரெண்டு மணிக்கு பசிக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி, எழுப்ப மனசு வராது. அவரே கஞ்சிக் கிண்ணத்தை உள்ள வெச்சு, திருகுல அம்மா நெயில் பாலிஷால வெச்ச சிவப்புப் புள்ளி வரைக்கும் திருப்பி விட்டுப்பார். பொட்டி தட்டற புள்ளை வாங்கிக் கொடுத்ததுல அவர் நிஜமாவே உபயோகிக்கிற ஒரே சாமான் இதுதான் :-)

மாமா போன்லயே தீர்ப்பு சொல்லிட்டார்: "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குடா." நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க ஊர் டிவி மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போனேன். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழட்டி, கெப்பாசிட்டர்ல மிச்சம் இருந்த சார்ஜை முதல்ல இறக்கிட்டு, மீட்டர் வெச்சுப் பார்த்தார்.

"மேக்னெட்ரான் போச்சு தம்பி. ஆயிரத்து எண்ணூறு ஆகும்."

"ரிப்பேர் பண்ண முடியாதாண்ணே?"

"இதையா? இது மாத்தறதுதான். பிக்சர் டியூபையே கழுத்தை வெட்டி, புது கன் வெச்சு, காத்தை உறிஞ்சி ஓட்டின காலம் உண்டு. இதை எவன் திறப்பான்?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னை விடல. ராத்திரி உக்காந்து தேடித் தேடிப் படிச்சதைத்தான் இங்க எழுதறேன்.

மேக்னெட்ரான்ங்கறது காத்தை எடுத்த ஒரு செப்புக் குழாய். நடுவுல சூடான கம்பி, சுத்தி குழி குழியா செப்பு அறைகள், மேலயும் கீழயும் காந்தம். கம்பியிலிருந்து கிளம்பற எலக்ட்ரான்களை காந்தம் வளைச்சு சுழல விடும். காலி சோடா பாட்டில் வாயில ஊதினா 'ஊம்'னு சத்தம் வருமே, அந்த மாதிரி அந்தக் குழிகள் இந்தச் சுழற்சியில மைக்ரோவேவை எழுப்பும்.

இந்த வகைக் குழாயை 1940 பிப்ரவரி 21 அன்னைக்கு இங்கிலாந்துல பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல ஜான் ராண்டால், ஹாரி பூட்னு ரெண்டு பேர் ஓட்டிக் காட்டினாங்க. அரக்கு வெச்சு அடைச்சு, பக்கத்துலயே ஒரு பம்பு ஓயாம காத்தை உறிஞ்சிக்கிட்டே இருந்தது. அதாவது, அவங்களோட அந்த மேக்னெட்ரான் ரிப்பேர் பண்ணக்கூடியது! நிறுத்து, பிரி, சரி பண்ணு, மறுபடி அரக்கு வை.

ஆனா அது உலகப்போர் நேரம். ராடாருக்காக விமானத்துல ஏத்தணும்னா பம்பையும் சேர்த்து ஏத்த முடியுமா? அதே வருஷம் வெம்ப்ளியில ஜி.இ.சி. கம்பெனியின் எரிக் மெகா அதை நிரந்தரமா சீல் வெச்ச குழாயா மாத்தினார். நடுப்போர்ல கெட்டுப் போனா யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க, கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டணும். அந்த இடத்துக்கு அதுதான் சரி.

1940 செப்டம்பர்ல டிசார்ட் தலைமையில போன குழு ஒரு மேக்னெட்ரானை அமெரிக்காவுக்கு எடுத்துக்கிட்டுப் போச்சு. அங்க ரேதியான் கம்பெனியில பெர்சி ஸ்பென்சர்னு ஒருத்தர். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் (இஞ்சினியரிங் டிகிரியை ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கற நாம கொஞ்சம் வெட்கப்படலாம்). செப்புக் கட்டியை ஒவ்வொண்ணா குடையறதுக்குப் பதிலா, மெல்லிய தகடுகளை அச்சுல வெட்டி அடுக்கி ஒட்டவெச்சா போதும்னு கண்டுபிடிச்சார். போர் முடியறதுக்குள்ள உற்பத்தி ஒரு நாளைக்கு 2,600 வரைக்கும் போச்சு. பாக்கெட்டுல சாக்லேட் உருகின கதை எல்லாருக்கும் தெரியும். 1945 அக்டோபர்ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சார், 1950ல கிடைச்சது.

1947ல வந்த முதல் ஓவன் 'ரேடாரேஞ்ச்' ஆள் உயரம், கிட்டத்தட்ட 340 கிலோ. குளிர வைக்க தண்ணிக் குழாய் வேற. 1955ல டாப்பன் கம்பெனி வீட்டுக்குன்னு கொண்டு வந்தது 1,295 டாலர். 1967ல அமானா மேடை மேல வைக்கற மாதிரி கொடுத்தது 495 டாலர். அப்புறம் ஜப்பான்காரங்க மேக்னெட்ரான் விலையை இன்னும் கீழ இறக்கினாங்க.

இப்ப அண்ணன் கேள்விக்கு வருவோம். பிக்சர் டியூபும் சீல் வெச்சதுதான். ஆனா அது விலை ஜாஸ்தி, அதனால திறந்தாங்க. மேக்னெட்ரானை திறந்து, கம்பி மாத்தி, மறுபடி காத்தை எடுக்கற கூலியில புதுசே வாங்கிடலாம். ஆக, 'ரிப்பேர் பண்ண முடியாது'ன்னு நாம சொல்றது பாதி நேரம் தொழில்நுட்பம் இல்லை, கூலிக்கணக்கு. அந்தக் கணக்கு இப்ப மேக்னெட்ரானைத் தாண்டி முழுப் பெட்டி வரைக்கும் வந்துடுச்சு. மாமா சொன்னதும் அதைத்தான்.

கணக்கு மாறாத இடம் ஒண்ணு இருக்கு: கதவு. 1971லயே அமெரிக்காவுல சட்டம் போட்டு, ஓவன்லேருந்து 5 செ.மீ. தூரத்துல எவ்வளவு கசியலாம்னு வரம்பு கட்டினாங்க. கதவு திறந்தா தானா நிக்கற சுவிட்சும் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கணும்னாங்க. கதவு வளைஞ்சிருந்தாலோ, உள்பெட்டி துரு பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தாலோ பேச்சே கிடையாது, புதுசுதான். எங்க பெட்டியில ரெண்டும் சுத்தம். அண்ணனும் கதவைத்தான் ரெண்டு தடவை பார்த்தார்.

புதுசு 6,500 சொன்னாங்க. கடையில காட்டினதெல்லாம் தொட்டா 'பீப்' போடற பலகை, பத்துப் பதினஞ்சு பட்டன். ராத்திரி ரெண்டு மணிக்கு, கண்ணாடி போடாம, அப்பா அதுல எந்த பட்டனைத் தேடுவார்? என் கூலிக்கணக்குல இதுக்கு ஒரு கட்டமே இல்லை.

மேக்னெட்ரானை மாத்தச் சொன்னேன். இப்ப அது ரிப்பேரா, மாத்தினதான்னு கேட்டா எனக்கே தெரியல. சிவப்புப் புள்ளி அதே இடத்துல இருக்கு. கஞ்சி சூடாவுது.

உங்க வீட்டுல இப்படி விடாப்பிடியா ஓட்டிக்கிட்டிருக்கற சாமான் எது? பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் ஸ்க்ரூ டிரைவரோட கிளம்பிடாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல ஆளைக் கொல்ற சார்ஜ் மிச்சம் இருக்கலாம். சாஃப்ட்வேர்ல 'அன்டூ' இருக்கு, அதுல கிடையாது.