கொமக்காய்

ஜப்பான்ல வேலை பாக்கிற நண்பன் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தான். 'கொமக்காய்'. சுண்டைக்காய், கொத்தவரங்காய் வகையறான்னு நினைச்சுடாதீங்க :-) பொடிப்பொடியா, நுணுக்கமா இருக்கிறதுன்னு அர்த்தமாம். மணலுக்கும் சொல்லலாம், சில்லறைக் காசுக்கும் சொல்லலாம். மனுஷனுக்குச் சொன்னா, தொட்டதுக்கெல்லாம் நொட்டை சொல்ற ஆள்!

உடனே கும்பகோணத்துப் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. கல்யாணப் பத்திரிகைல ஒரு ஒற்று விட்டுப் போனதுக்கு, "டேய், திருப்பி அடிக்கச் சொல்லுடா"ன்னு எல்லாரையும் ஒரு வழி பண்ணினவர்.

அதே ஊர்ல அவருக்கு முன்னாலயே ஒரு பெரிய கொமக்காய் இருந்திருக்கார். உ.வே.சாமிநாதையர். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர். 1880ல கும்பகோணம் காலேஜ்ல தமிழ் ஆசிரியரா சேர்ந்தார். அந்த வருஷமே சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சீவக சிந்தாமணி பக்கம் திருப்பிவிட, 1887ல அது அச்சாகி வந்தது. நடுவுல ஏழு வருஷம். ஏன் அவ்வளவு நாள்?

பழைய ஓலைச்சுவடில புள்ளி கிடையாது. குறில் எகரம், நெடில் ஏகாரம் ரெண்டும் ஒரே மாதிரி. 'எரி'ன்னு இருந்தா அது நெருப்பா, இல்ல தண்ணி நிக்கிற 'ஏரி'யான்னு இடம் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். துணைக்காலும் ரகரமும் வேற குழப்பும். நாலு ஊர் ஏட்டை வச்சு ஒப்பிட்டாத்தான் விடிவு.

அடுத்து பத்துப்பாட்டு. அதுல குறிஞ்சிப்பாட்டுல கபிலர் வரிசையாப் பூக்களா அடுக்குவார், 99 பூன்னு சொல்வாங்க. கையில் இருந்த ஏடுகள்ல சில பூக்களோட பேர் மட்டும் உதிர்ந்து போயிருந்தது. அத்தனை பூ இருக்கே, ரெண்டு மூணு போனா என்னன்னு விட்டிருந்தா யாரு கேட்டிருக்கப் போறா? அவர் விடலை. மாயவரம் பக்கத்துத் தருமபுர ஆதீனத்துல போய்த் தேடி, விட்டுப்போன பேர்களைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் ஓய்ஞ்சார். பத்துப்பாட்டு 1889ல வெளிவந்தது.

ஓலை செல்லரிச்சா அதோட அந்தப் பூக்களும் போயிருக்கும். போனதுகூட நமக்குத் தெரிஞ்சிருக்காது.

வேடிக்கை என்னன்னா, நுணுக்கம்னா நம்ம ஊர்ல பாராட்டு, நொட்டைன்னா திட்டு. ஜப்பான்காரர் ரெண்டையும் ஒரே வார்த்தைல போட்டு வச்சிருக்கார். யோசிச்சா சரிதான். கூட இருக்கிறவங்களுக்கு நொட்டை, நூறு வருஷம் கழிச்சு வர்றவனுக்கு நுணுக்கம்.

பெரியப்பா, அந்தப் பத்திரிகை விஷயத்துல கோச்சுக்கிட்டதுக்கு மன்னிச்சுடுங்க. இந்தப் பதிவுல எங்கயாவது ஒற்று விட்டிருந்தா போன் பண்ணுங்க :-)