நறுமண நீரும் ஞாயிற்றொளியும்

மரஞ்செடிகளிலிருந்து பெறப்படும் பூச்சுப் பொருள்கள் யாவும் மேனிக்குத் தீங்கற்றவை என்னும் எண்ணம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவருகின்றது. பல தலைமுறையினர் கையாண்ட பொருளுக்கு வேறு சோதனை வேண்டுவதில்லை என்பாருமுளர். இக்கொள்கை எத்துணைப் பொருந்துமென ஆராய்வார்க்குப் பேர்கமொற் எண்ணெயின் வரலாறு தக்கதோர் உரைகல்லாகும்.

பேர்கமொற் என்பது எலுமிச்சை இனத்தைச் சார்ந்த மரம். தென் இத்தாலியிலுள்ள கலாபிரியாக் கடற்கரைப் பகுதி அதன் விளைவுக்குப் பேர்பெற்றது. அதன் பழத்தோலிலிருந்து பெறப்படும் எண்ணெய் இனிய மணமுடையது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜேர்மனியின் கொலோன் நகரிற் குடியேறிய இத்தாலியரான யோகான் மரியா பரீனா, இவ்வெண்ணெயையும் இதனையொத்த பிறவற்றையும் மதுசாரத்திற் கரைத்து வாசனை நீரொன்றை ஆக்கினார். ஓடிக்கொலோன் என வழங்கும் அவ்வகை நீர் ஐரோப்பாவெங்கும் பரவியது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மக்கள் அதனை ஐயமின்றிப் பூசிவந்தனர்.

1916ஆம் ஆண்டிலே பிரொயின்ட் என்னும் மருத்துவர், ஓடிக்கொலோன் பூசியபின் வெய்யில் பட்ட தோலிற் கருநிறக் கறைகள் தோன்றியதை எடுத்துரைத்தார். 1925இல் உரோசன்தால் என்பார் இந்நோய்க்குப் 'பேர்லொக்' தோலழற்சி எனப் பெயரிட்டார். பேர்லொக் என்பது தொங்கணியைக் குறிக்குஞ் சொல். கழுத்தில் வழிந்த வாசனை நீர், தான் சென்ற வழியே பதக்கம் தொங்கினாற்போன்ற கறையை விட்டமையால் இப்பெயர் அமைந்தது.

இதன் காரணம் யாது? பேர்கமொற் எண்ணெயிற் பேர்கப்தன் என்னும் இரசாயனப் பொருள் உண்டு. அது சோரலன் குடும்பத்தைச் சார்ந்தது. ஞாயிற்றொளியிலுள்ள ஊதாக்கடந்த கதிர்களை ஏற்றதும், அது தோற்கலங்களின் மரபுப் பொருளுடன் பிணைந்து அவற்றைச் சிதைக்கின்றது. பூசிய நீர் மட்டும் அக்கறையை ஆக்கவில்லை; வெய்யில் மட்டும் ஆக்கவில்லை; இரண்டுங் கூடியவிடத்தே தீங்கு விளைந்தது. அன்றியும், அழற்சி உடனே தோன்றாது, ஓரிரு நாள் கழித்தே முற்றுதலின், பூசியவர் அதற்கும் வாசனை நீருக்குமுள்ள தொடர்பை உணர்தல் அரிதாயிற்று. நீண்டகால வழக்கம் இத்தீங்கைக் காட்டிக்கொடாமைக்கு இஃதொரு காரணம் எனலாம்.

சோரலன் கொண்ட பிற செடிகளை மருத்துவர் முன்னரே அறிந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டினரான இபுனு அல் பைத்தார் என்னும் அரபு அறிஞர், அத்தகைய செடியொன்றின் விதையை வெண்படைக்குக் கொடுத்து நோயாளரை வெய்யிலில் இருத்தும் முறையை எழுதியுள்ளார். நம் சித்த மருத்துவர் வெண்குட்டத்திற்குக் கையாளும் கார்போகரிசியிலும் சோரலன் உண்டு. மருத்துவன் வேண்டி வருவித்த விளைவே, அழகு வேண்டிப் பூசினார்க்கு ஊறாயிற்று.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, மேனியை விரைவிற் கருநிறமாக்கும் பொருட்டுப் பேர்கமொற் எண்ணெய் சேர்ந்த வெய்யிற் பூச்சுகளும் ஐரோப்பாவில் விற்கப்பட்டன. பேர்கப்தனும் ஊதாக்கடந்த கதிருஞ் சேர்ந்து புற்றுநோயை விளைக்கக்கூடுமென ஆய்வுகள் காட்டின. 1995இல் ஐரோப்பிய ஒன்றியம், வெய்யிற் பூச்சுகளில் இவ்வினப் பொருள்கள் கிலோகிராமொன்றுக்கு 1 மில்லிகிராமிற் குறைவாகவே இருத்தல் வேண்டுமென விதித்தது. பேர்கப்தன் நீக்கிய எண்ணெயும் இன்று வாசனைத் தொழிலிற் பயன்படுகின்றது. ஆகவே எண்ணெய் முற்றாக விலக்கப்படவில்லை. அதன் தீங்கான கூறே வரையறுக்கப்பட்டது.

செடியின் சாறொன்றை மதிப்பிடுவோர் அதன் பழமையை மட்டும் வினவுதல் போதாது. செடி எது, எவ்வுறுப்பு, அதிலுள்ள பொருள்கள் எவை, எவ்வளவு, பூசியபின் கழுவப்படுமா, வெய்யில் படுமா என்பனவும் வினவப்படல் வேண்டும். நிழலிற் செய்த சோதனை, வெயிலில் நடப்பவனைக் காவாது. முன்னோர் வழக்கம் மதிக்கத்தக்க சாட்சியே. ஆயினும் சாட்சியை விசாரியாது தீர்ப்பளித்தல் அறிவுடைமையாகாது.