தருமம் என்னும் ஒரு சொல்

உயில் என்பது, எழுதியவர் கண்மூடிய பின்னரே பேசத் தொடங்கும் ஏடு. அதில் ஐயம் ஒன்று தோன்றினால், "ஐயா, தாங்கள் கருதியது யாது?" என்று அவரைக் கேட்டறிய வழியில்லை. சொத்தை இன்ன மகனுக்கு, இன்ன மகளுக்கு என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் தொல்லை இராது. அறத்துக்கு என்று எழுதும்போதுதான் சிக்கல் எழுகிறது. எந்த அறம், எவருக்காக என்பதைச் சொல்லாது விட்டால் அச்சொத்து என்னாகும்? இவ்வினாவுக்கு நீதிமன்றங்கள் விடை கண்ட வரலாற்றை உங்களுக்குச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

நம் நாட்டு நீதிமன்றங்கள் நெடுங்காலம் பின்பற்றிய விதிகள் இங்கிலாந்தில் பிறந்தவை. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம். 1601ஆம் ஆண்டில், எலிசபெத் அரசியின் காலத்தில், அறக்கொடைகளைப் பற்றி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முதியோரையும் ஏழைகளையும் காத்தல், கல்விக்கூடங்களைப் பேணல், பாலங்களைச் செப்பனிடல் முதலியவற்றை அதன் முகவுரை அறங்களாக எண்ணிக் காட்டியது. பிற்கால நீதிபதிகள் அம்முகவுரையையே உரைகல்லாகக் கொண்டனர்.

அவ்வுரைகல்லில் நில்லாத வழக்கு ஒன்று 1804ஆம் ஆண்டில் வந்தது. டர்ஹாம் நகரத்து பிஷப்பிடம் எஞ்சிய சொத்தை ஒப்படைத்து, நல்லெண்ணமும் தாராளமும் உடைய செயல்களுக்கு அவர் விருப்பம்போல் செலவிடுக என்று ஓர் அம்மையார் எழுதியிருந்தார். பிஷப்போ நேர்மையாளர், தமக்கென ஒரு காசும் வேண்டாம் என்றார். ஆயினும் அக்கொடை செல்லாது என்றார் நீதிபதி வில்லியம் கிராண்ட். மறு ஆண்டில் எல்டன் பிரபு அத்தீர்ப்பை உறுதி செய்தார். நண்பருக்கு விருந்து வைப்பதும் தாராளந்தான். ஆனால் அது சட்டம் கருதும் அறம் ஆகாது. பொறுப்பேற்றவர் தவறிழைத்தால், "இது உயிலுக்கு மாறு" என்று மன்றம் தடுத்துரைக்க ஓர் எல்லை வேண்டும். எல்லையே இல்லாத கொடையை மன்றம் எவ்வாறு காக்க இயலும்?

இதனால், மன்றங்கள் அறத்துக்குப் பகை என்று எண்ணிவிட வேண்டாம். சென்னையிலேயே இதற்கு மாறான சான்று உண்டு. வள்ளல் பச்சையப்ப முதலியார் 1794ஆம் ஆண்டில் திருவையாற்றில் காலமானார். பெருஞ்செல்வத்தைத் திருக்கோயில் வழிபாடு முதலிய அறங்களுக்கென உயிலில் எழிவைத்திருந்தார். அவருக்குப் பின் வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. அறங்கள் தடைப்பட, நிதி வட்டியோடு வளர்ந்து நின்றது. அறம் செய்யும் கருத்து உயிலில் தெளிவாக இருந்தமையால், மன்றம் அப்பணத்தை உறவினர் கையில் விட்டுவிடவில்லை. கோயில் அறங்களுக்கு வேண்டியதை ஒதுக்கி, எஞ்சியதைக் கல்விக்கு ஆக்கும் திட்டம் உருவாயிற்று. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் அதற்குப் பெரிதும் உழைத்தார். 1842ஆம் ஆண்டில் பள்ளி பிறந்தது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது. கொடையாளி கருதிய வழி அடைபட்டால், அதற்கு இயன்றவரை அணித்தான வேறு வழியில் கொடையைச் செலுத்துவதைச் சட்ட நூலார் 'சை-பிரே' நெறி என்பர்.

ஆனால் அறக்கருத்து உண்டா, இல்லையா என்பதிலேயே ஐயம் வந்தால் இந்நெறி உதவாது. 1899ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து இலண்டன் பிரிவி கௌன்சிலுக்கு ஒரு வழக்குச் சென்றது. உயிலில், சொத்து 'தரம்' என்பதற்கு உரியது என்று எழுதியிருந்தது. நாம் தருமம் என்று வழங்கும் அதே சொல்தான் அது. நீதிபதிகள் வில்சன் என்பார் தொகுத்த அகராதியைப் புரட்டினர். சட்டம், நற்பண்பு, கடமை என்று அதில் பல பொருள்கள் இருந்தன. இத்துணை விரிந்த சொல்லை வைத்து மன்றம் ஒன்றும் செய்ய இயலாது என்று கூறிக் கொடையைத் தள்ளினர்.

மாணவப் பருவத்தில் இத்தீர்ப்பை முதன்முறை படித்தபோது எனக்குச் சினமே உண்டாயிற்று. வாயிற்படியில் நின்று "தருமம் போடுங்கள், தாயே" என்று ஒருவர் கேட்டால், அதன் பொருளை அறிய நம் வீட்டில் எவரேனும் அகராதியைத் தேடுவதுண்டோ? பின்னர், டர்ஹாம் பிஷப்பின் வழக்கைக் கற்றபோது நீதிபதிகளின் இடர்ப்பாடு விளங்கியது. அவர்கள் கேட்ட வினா தவறன்று. விடையைத் தேடிய இடந்தான் தவறு என்று இன்றும் கருதுகிறேன்.

ஆங்கிலச் சொற்களுக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. 1936ஆம் ஆண்டில் காலமான கேலப் டிப்லாக் என்னும் ஆங்கிலேயர், எஞ்சிய சொத்தை 'அறச் செயல்கள் அல்லது நன்மைச் செயல்களுக்கு' என்று எழுதிவைத்தார். உயிலை நிறைவேற்றியோர் 2 இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகையை மருத்துவமனைகள் உள்ளிட்ட 139 நிலையங்களுக்குப் பகிர்ந்தளித்துவிட்டனர். பிறகு உறவினர் வழக்குத் தொடுத்தனர். நன்மைச் செயல் யாவும் அறச் செயல் ஆகா. 'அல்லது' என்ற சொல் இரண்டையும் பிரித்துவிட்டது என்று கூறி, 1944ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை கொடையைச் செல்லாததாக்கியது. ரைட் பிரபு ஒருவரே மாறுபட்டார். பெற்ற பணத்தைத் திருப்பித் தரும் கடமை அந்நிலையங்களுக்கு உண்டு என்று 1950ஆம் ஆண்டில் அச்சபையே முடிவும் கூறியது. 'அல்லது' என்னும் இடத்தில் 'மற்றும்' என்று இருந்திருந்தால், அக்கொடை நிலைத்திருக்கக்கூடும்.

அதே 1950ஆம் ஆண்டில், தருமம் என்ற சொல் வீழ்ந்த பம்பாயிலேயே அது மீண்டும் எழுந்தது. தருமம், புண்ணிய காரியம் முதலியவற்றுக்கென ஏற்பட்ட பொது அறக்கட்டளை, நோக்கம் வரையறுக்கப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாததாகாது என்று பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டம் விதித்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அம்மக்களின் சொல்லுக்கு அம்மக்களின் சட்டமன்றமே மதிப்பளித்தது.

ஆயினும் எல்லா இடத்தும் இத்தகைய சட்டத்தை எதிர்பார்த்திருத்தல் ஆகாது. உங்களுள் சிலர் நாளை வழக்கறிஞர் ஆகலாம். உயில் எழுதித் தருமாறு முதியவர் ஒருவர் உங்களிடம் வந்து, "மிச்சத்தைத் தருமத்துக்கு என்று போடு, தம்பி" என்பார். உடனே எழுதிவிடாதீர்கள். "எந்தத் தருமம் ஐயா? பள்ளிக்கா, மருத்துவமனைக்கா, அன்னதானத்துக்கா? எந்த ஊரில்? யார் நடத்துவது?" என்று பணிவோடு கேளுங்கள். அவர் விடை சொல்லக்கூடிய காலம் அது ஒன்றே.