ஊர் நினைவும் உள்ளத்து ஆறுதலும்: உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையரை முன்வைத்து

விட்டு வந்த ஊரையும், அங்குக் கழிந்த நாள்களையும், உடன் வாழ்ந்த மனிதர்களையும் எண்ணும்போது இன்பமும் ஏக்கமும் கலந்து எழும் உணர்ச்சியை ஆங்கிலத்தில் ‘நாஸ்டால்ஜியா’ என்பர். தமிழில் இதற்கு ஊர் நினைப்பு, பழைய நினைவு, பழமையேக்கம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. ஈழத்து எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை தம் யாழ்ப்பாண இளமை நினைவுகளைச் சொல்லும் நூலுக்கு ‘நனவிடை தோய்தல்’ என்று பெயரிட்டார்; அப்பெயரே இவ்வுணர்ச்சிக்கு உரிய கலைச்சொல்லாகவும் பலரால் ஆளப்படுகிறது. ஒரு காலத்தில் நோயாகக் கருதப்பட்ட இது, மனத்துக்கு நன்மை செய்யும் உணர்ச்சி என்று இன்றைய உளவியலாளர்களால் மதிக்கப்படுகிறது. அந்த நன்மை எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறியத் தமிழில் கிடைக்கும் விரிவான சான்றுகளுள் ஒன்று, பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் (1855–1942) எழுதிய ‘என் சரித்திரம்’.

மூன்று எழுத்துகள்

உ.வே.சா. என்ற மூன்று எழுத்துகளை அறியாத தமிழ் மாணவர் இருக்க மாட்டார். அவை எவற்றைக் குறிக்கின்றன என்பதைச் சற்று நின்று பார்ப்பவர்கள் குறைவு. ‘உ’ என்பது உத்தமதானபுரம். முன்னோர் வாழ்ந்த ஊர். ‘வே’ என்பது வேங்கடசுப்பையர். இசையிலும் இராமாயணக் கதை சொல்வதிலும் வல்லவராக இருந்த தந்தை. ‘சா’ என்பது சாமிநாதன். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன்; சாமிநாதன் என்பது வீட்டில் அழைக்கும் பெயர். ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த வீட்டுப் பெயரையே விரும்பி அழைத்ததால் அதுவே நிலைத்தது. ஊர், தந்தை, ஆசிரியர் என மூவரும் அவர் பெயரிலேயே இருந்தனர். 1903ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்று, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்தபோதும் அவர் கையெழுத்திடும் ஒவ்வொரு முறையும் ஊர்தான் முதலில் வந்தது. (இதே வட்டாரத்தில் இன்னொருவரும் உண்டு. போலகத்தில் பிறந்த இராமையா, பாபநாசத்தில் சில காலம் வாழ்ந்ததனால் பாபநாசம் சிவன் ஆனார்.)

ஊர்ப் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைக்கும் வழக்கம் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தந்தை பெயரின் எழுத்து மட்டுமே எஞ்சியிருக்கிறது.

நோயாக இருந்த காலம்

‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல் பழைய கிரேக்கச் சொல் போலத் தோன்றினாலும் அது 1688இல் உருவாக்கப்பட்டதே. யோகன்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில், வீடு திரும்புதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லையும் வலி என்ற பொருளுடைய சொல்லையும் இணைத்து இப்பெயரைப் படைத்தார். பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவன் காய்ச்சலும் படபடப்புமாகச் சாகும் நிலையை அடைந்தான் என்றும், சொந்த ஊருக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டதுமே தேறத் தொடங்கினான் என்றும் அவர் எழுதினார். அயல்நாடுகளில் கூலிப்படையாகப் போரிட்ட சுவிட்சர்லாந்து வீரர்களிடமும் இந்த ‘நோய்’ காணப்பட்டது. மலைநாட்டிலிருந்து சமவெளிக்கு வருவோரின் உடலைக் காற்றழுத்த வேறுபாடு பாதிப்பதே காரணம் என்றுகூட ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. இன்று படித்தால் சிரிப்பு வரும். ஆனால் ஊரை விட்டு வந்தவன் படும் துன்பம் உண்மையானது என்று ஒப்புக்கொண்ட முதல் மருத்துவர்களுள் ஹோஃபரும் ஒருவர்.

தமிழ்ப் புலவர்கள் இதற்கு மருத்துவப் பெயர் தேடவில்லை. புறநானூற்றின் 243ஆம் பாட்டில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற புலவர், கோலூன்றி இருமி நடக்கும் கிழப்பருவத்தில், ஆழமான மடுவில் கரையிலிருந்தோர் வியக்கக் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளி வந்த தம் இளமையை நினைத்துப் பார்க்கிறார். அந்த இளமை இப்போது எங்கே என்ற இரக்கம் அதில் உண்டு. ஆனால் மணலை அள்ளிக் காட்டிய சிறுவனின் பெருமிதமும் குறையாமல் இருக்கிறது. இந்தப் பாட்டை ஓலைச்சுவடியிலிருந்து மீட்டு, 1894இல் புறநானூற்றை முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்டவர் சாமிநாதையரே. காவிரியின் கிளையான குடமுருட்டி பாயும் நாட்டில் வளர்ந்தவருக்கு அந்த மடுவும் மணலும் அயலாகத் தோன்றியிருக்க வழியில்லை.

வறுமையும் சேர்ந்த நினைவு

‘என் சரித்திரம்’ 1940 ஜனவரி முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வெளிவந்தது. ஆசிரியருக்கு அப்போது வயது 85ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. நூல் சாமிநாதையரிடமிருந்து தொடங்கவில்லை, ஊரிடமிருந்து தொடங்குகிறது. தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசி விரதத்தை மறந்து தாம்பூலம் தரித்துவிட்டதாகவும், அதற்குப் பரிகாரமாக அந்தணர்க்கு ஓர் ஊரை அமைத்துத் தானம் செய்ததாகவும், அதுவே உத்தமதானபுரம் ஆயிற்று என்றும் வழங்கும் கதையை முதலில் சொல்கிறார். பின்பு தம் இளமைக்கால ஊரையும் முதுமையில் கண்ட ஊரையும் ஒப்பிடுகிறார். பிற்காலத்து வசதிகள் பல அன்று இல்லை என்பதை மறைக்கவில்லை. ஆனால் அன்று அமைதியும் திருப்தியும் இருந்தன என்கிறார்.

இதை மட்டும் படிப்பவர், ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று சொல்லும் பெரியவர்களின் வழக்கமான புலம்பல் என்று நினைக்கக்கூடும். தொடர்ந்து படித்தால் அவ்வாறு நினைக்க முடியாது. அவருடைய இளமை நிலையான வீடு இல்லாத இளமை. பிறந்ததே தாயின் ஊராகிய சூரியமூலையில். தந்தையின் பிழைப்பை ஒட்டி அரியலூர், குன்னம் என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. தமிழ் படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை, கையில் காசும் இல்லை. மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 வாக்கில் சேர்ந்த பிறகும் துன்பம் தீரவில்லை. இடையில் அம்மை கண்டு சூரியமூலைக்குச் செல்ல நேர்ந்தது. பாடம் தவறுகிறதே என்ற வேதனை நோயின் வேதனையை விஞ்சியது. திருமணக் கடனைத் தீர்க்கக் காரை என்ற ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து பொருள் தேடினார். 1876 பிப்ரவரி 1ஆம் நாள் ஆசிரியரும் மறைந்தார்.

பிள்ளையவர்களோடு வாழ்ந்த அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குத்தான் அவர் நூலில் மிக நீண்ட இடம் தந்திருக்கிறார். சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892) என்று பெரும் புகழ் தந்த பதிப்புகளை வெளியிட்ட ஆண்டுகளைவிட, ஒருவேளை உணவுக்குப் பிறர் வீட்டை எதிர்பார்த்த ஆண்டுகளை அவர் விரிவாக நினைவுகூர்கிறார். மற்றவர்கள் வறுமை என்று கடந்து செல்லக்கூடிய நாள்களில் அவர் கண்டது பாடம் சொன்ன ஒரு குரலை.

ஆய்வுகள் கூறுவது

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் வில்ட்ஷட், கான்ஸ்டன்டைன் செடிக்கிடிஸ் ஆகியோர் சக ஆய்வாளர்களுடன் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்பமாக அமைந்தது. மக்கள் எழுதித் தந்த பழைய நினைவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். அந்நினைவுகளில் எழுதியவர் நடுவில் இருந்தாலும் அவரைச் சுற்றி எப்போதும் வேறு மனிதர்கள் இருந்தனர். பல நினைவுகள் துன்பத்தில் தொடங்கி நன்மையில் முடிந்தன. மனம் சோர்ந்திருக்கும்போதும் தனிமை வாட்டும்போதுமே இத்தகைய நினைவு மிகுதியாக எழுகிறது என்பதும், நினைத்து முடித்தபின் பிறரோடு பிணைப்பு உள்ளவராகவும் தம்மைத் தாமே மதிப்பவராகவும் மக்கள் உணர்ந்தனர் என்பதும் தெரியவந்தன.

கிராமத்திலிருந்து குவாங்சோ பெருநகருக்குக் குடிபெயர்ந்த சீனச் சிறுவர்களிடம் நடத்தி, 2008இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வு நம் நாட்டவர்க்கு இன்னும் நெருக்கமானது. தனிமையில் வாடிய சிறுவர்கள் தமக்குத் துணை இல்லை என்று எண்ணினர். ஆனால் அவர்களே பழைய நினைவில் அதிகம் ஆழ்ந்தனர். அந்நினைவு துணை உண்டு என்ற எண்ணத்தைத் திரும்பத் தந்தது. தஞ்சைத் தரணியிலிருந்து சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்கள், அறுவடை நேரத்து வைக்கோல் வாசனையையும் ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் நாளையும் பேசிக்கொண்டிருப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது.

முதியோரைப் பற்றிய கருத்தும் இவ்வாறே மாறியது. பழங்கதை பேசுவது அறிவு மங்குவதன் அடையாளம் என்றே பலர் கருதினர். அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய கட்டுரையில், முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான ஒன்று, தீராத உறுத்தல்களைத் தீர்த்துக்கொள்ள அது உதவும் என்று விளக்கினார். பத்து முதல் முப்பது வயது வரை நிகழ்ந்தவையே முதியோர் நினைவில் மிகுதியாகத் தங்குகின்றன என்பதும் உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. சாமிநாதையர் பிள்ளையவர்களிடம் இருந்தது பதினாறு முதல் இருபது வயது வரை.

யாருடைய இனிமை

ஊர் நினைவு ஆறுதல் தரும் என்பதனால் அது சொல்வதெல்லாம் வரலாறு ஆகிவிடாது. ‘என் சரித்திரம்’ காட்டுவது அக்கிரகாரத்தின் காலைப் பொழுதை. அதே வட்டாரத்தில் வயலில் இறங்கிய பண்ணையாளின் காலைப் பொழுது வேறு. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துப் பெரிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. பார்ப்பவர்க்குப் பெருமையாக இருக்கும். அதை நிரப்பியவர்கள் யார் என்பது அதில் எழுதப்படவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்துக் குத்தகைதாரரையும் பண்ணையாள்களையும் காக்க 1952இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று, அப்போது இதே மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். அந்தக் குடும்பங்களிடம் ‘அந்தக் காலம்’ என்று தொடங்கினால் வேறு கதை வரும். அவர்களுக்கும் ஊர் நினைவு உண்டு. ஆறும் உண்டு, கூட விளையாடியவர்களும் உண்டு. ஆனால் திரும்பிப் போக விரும்பும் காலமாக அது இராது. ஓர் ஊரின் நினைவைத் தொகுக்க முற்படும் மாணவர்கள் எல்லாத் தெருவிலும் கேட்டு எழுத வேண்டியது இதனால்தான்.

சாமிநாதையரின் நூலுக்கு இதனால் மதிப்புக் குறையாது. தாம் கண்டதை, தாம் பட்ட கடனோடும் நோயோடும் சேர்த்து எழுதினார். பிறருடைய நினைவுகளை அவரவரே எழுத வேண்டியிருந்தது.

முடிவுபெறாத நூல்

1942இல் சப்பானியர் குண்டு வீசக்கூடும் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் பலர் வெளியூர்களுக்குச் சென்றனர். சாமிநாதையரும் திருவல்லிக்கேணியில் இருந்த தம் ‘தியாகராச விலாசம்’ இல்லத்தை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குச் சென்றார். அங்கே ஏப்ரல் 28ஆம் நாள் காலமானார். தொடர் 122 அத்தியாயங்களோடு நின்றது. 1950இல் நூலாக வந்தது. உத்தமதானபுரத்தில் அவருடைய வீடு இப்போது நினைவு இல்லமாக உள்ளது.

நூலின் கதை 1890களின் இறுதி வரையே செல்கிறது. சென்னை வாழ்க்கையை எழுத அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்திலும் அவர் கும்பகோணம் கல்லூரி ஆசிரியராகவே இருக்கிறார். அங்கிருந்து பாபநாசம் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர்.