கூடி அழைத்த தெய்வம்: மும்பைத் தமிழரின் அடைக்கல வழிபாடு

மனம் தாங்காத வேளையில் கடவுளிடம் ஓடுவதைத் தனி மனிதரின் அந்தரங்கச் செயலாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மும்பைத் தமிழரின் வழிபாட்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. ஊரை விட்டு வந்தவருக்குச் சாமி எங்கேயும் இருந்தார்; பக்கத்தில் நின்று தன் மொழியில் சாமியைக் கூப்பிட ஆள்தான் இல்லை. அந்த ஆட்களைத் தேடிச் சேர்த்த முயற்சியே தாராவியிலிருந்து தாணே வரை கோயிலாகவும் பள்ளிவாசலாகவும் பஜனைக் கூடமாகவும் உருவெடுத்தது என்பது என் வாதம்.

தாராவியில் 1887இல் படா மஸ்ஜித் எழுந்தது. 1913இல் கணேசர் கோயில் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில்தான், 1896இல், பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. அது பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைவிட்டு ஓடினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொட்டிகளில் சுண்ணாம்பும் உப்புமாகக் கை வெந்து உழைத்தவர்களில் ஓட வழியில்லாதவர்களும் இருந்திருப்பார்கள். ஊரில் இருந்தால் அம்மை கண்டபோது மாரியம்மனும், பயம் பிடித்தபோது சுடலைமாடனும், பிள்ளைப்பேற்றுக்கு இசக்கியம்மனும் எல்லைக்குள்ளேயே கைகொடுத்திருப்பார்கள். சதுப்பு நிலத்துக் குடிசையில் அந்த எல்லையையே புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. இன்றும் பொங்கலன்று தாராவியின் 90 அடி சாலையில் வரிசையாகச் செங்கல் அடுப்பு மூட்டிப் பெண்கள் பானை வைக்கும்போது, அந்தப் பரபரப்பான தெரு சற்று நேரம் ஊர் முற்றமாகிவிடுகிறது.

அதே கொள்ளைநோய்தான் மாட்டுங்காவையும் உண்டாக்கியது. நெரிசலைக் குறைக்க 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்கா பகுதிகளில் ஒழுங்கான மனைகளை வகுத்தது. ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தர்களாகச் சேர்ந்த பாலக்காட்டு, தஞ்சாவூர்த் தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். 1923இல் தொடங்கிய ஆஸ்திக சமாஜம் இன்று 'கொச்சு குருவாயூர்' என்ற பெயரில் பக்தர்களை ஈர்க்கிறது.

இங்கே வழிபாட்டின் வடிவம் பஜனை. போதேந்திரரும் ஸ்ரீதர ஐயாவாளும் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகளும் காவிரிக் கரையில் வளர்த்த மரபு அது. தோடய மங்களத்தில் தொடங்கி அஷ்டபதி வழியே போய், திவ்யநாமத்தில் நடுவில் குத்துவிளக்கை வைத்துச் சுற்றி ஆடிப் பாடுவார்கள். பாடத் தெரியாதவரும் தாளம் போடலாம். யாரும் தன் துயரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மேலதிகாரியின் சொல்லில் குன்றிப் போயிருந்த எழுத்தர் இரண்டு மணி நேரம் நாமாவளியில் குரல் உடைய அழலாம். பக்கத்தில் இருப்பவர் அதைப் பக்தி என்றே கொள்வார். இந்த மறைப்பில் எவ்வளவு கருணை இருக்கிறது!

சென்னைப் பஜனைகளை ஆராய்ந்து 1960களில் எழுதிய மானிடவியலாளர் மில்டன் சிங்கர், அவற்றில் பங்கேற்றோர் ஒருவரை ஒருவர் விழுந்து வணங்கியதையும் தழுவிக்கொண்டதையும் பதிவு செய்தார். ஆனால் அந்தச் சமத்துவம் பெரும்பாலும் ஒரே சாதி வட்டத்துக்குள் நிகழ்ந்தது. மாட்டுங்காவிலிருந்து தாராவி நடந்தே போகும் தூரம்தான். ஒரே நோயின் விளைவுகளுக்கு நடுவே வாழ்ந்த இரு தமிழ்க் கூட்டங்கள் அந்தத் தூரத்தைக் கடந்து ஒரே விளக்கைச் சுற்றவில்லை. அடைக்கல வழிபாட்டைப் போற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இந்தப் பஜனை மரபுக்குள் இன்னொரு பயணமும் இருக்கிறது. 1676இல் தஞ்சையில் தொடங்கிய மராட்டிய ஆட்சிக் காலத்தில் மராத்தி அபங்கங்கள் தமிழ்ப் பஜனையில் இடம்பிடித்தன. துக்காராமையும் நாமதேவரையும் தஞ்சைப் பாணியில் பாடிய குடும்பங்களே பின்னர் மகாராஷ்டிரத்துக்கு வேலைக்கு வந்தன. 1966இல் சிவசேனை தோன்றி, தென்னிந்தியர் வேலைகளைப் பறிப்பதாகப் பிரசாரம் எழுந்து, உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்ட ஆண்டுகளில், அந்தத் தமிழ் வீடுகளுக்குள் அபங்கங்கள் போற்றும் விட்டலனின் பெயர் ஒலித்துக்கொண்டிருந்தது.

செம்பூர் சேடா நகரில் உயரத்தில், 108 படிகள் ஏறிச் சேரும் முருகன் கோயில் இந்த அடைக்கல வழிபாட்டின் அடுத்த கட்டம். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் என்ற பழைய நம்பிக்கையின்படி, புறநகரிலும் தமிழர் தங்கள் நிலத்தை அடையாளம் கண்டார்கள். மாட்டுங்காவில் வாடகை கட்டுப்படியாகாத அடுத்த தலைமுறை செம்பூரும் முலுண்டும் தாணேயும் என்று நகர்ந்தது. தாணே வாக்ளே எஸ்டேட் தொழிற்பேட்டை 1960களில் வந்ததும் அதற்கு ஒரு காரணம். அடுக்ககங்களில் கோயிலுக்கு முன்பே வெள்ளிக்கிழமை சஹஸ்ரநாம வட்டங்களும் ஐயப்ப பூஜைக் குழுக்களும் வந்துவிட்டன.

தாணேயில் 1901 முதல் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. மனத்துயருக்கு மருந்தா, கோயிலா என்று எதிரெதிரே நிறுத்துவது வீண் வேலை. திண்டுக்கல் பக்கம் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளியான கட்டுரை, ஆதரவான அந்தச் சூழலில் அவர்களின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தனியார் காப்பகம் ஒன்று சங்கிலியில் பிணைத்து வைத்திருந்தது. அங்கே மூண்ட தீயில் 28 பேர் கருகினார்கள். கூட்டத்தோடு சேர்த்துக்கொள்வதும் கட்டிப்போடுவதும் கடவுளின் பெயராலேயே நடக்கின்றன. ஆய்வாளர் கண் இந்த வேறுபாட்டில் இருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் கோயில்கள் பூட்டப்பட்டபோது இந்த வரலாறு கடும் சோதனைக்கு உள்ளானது. மகாராஷ்டிரத்தில் நவம்பர் 16 அன்றுதான் வழிபாட்டிடங்கள் திறந்தன. அந்த எட்டு மாதமும் சஹஸ்ரநாமம் செல்பேசிக்குள் நடந்தது. ஒருவர் வரியும் இன்னொருவர் வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழ, தாளம் சேரவேயில்லை. ஆனாலும் வட்டத்தை விட்டுவிடவில்லை. அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம் சங்கங்களின் ஆண்டு மலர்களில் நன்கொடையாளர் பெயரும் நிர்வாகிகள் படமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன; இந்தப் பெண்கள் எந்தக் கவலைக்காக எந்தப் பாராயணத்தைத் தொடங்கினார்கள், யார் வீட்டில் கூடினார்கள் என்ற விவரத்துக்கு அவற்றில் இடமில்லை. மாட்டுங்காவில் பாடக் கற்றுத் தாணேக்குக் குடிவந்த தலைமுறை எண்பதைக் கடந்துகொண்டிருக்கிறது. வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய விரும்பும் மாணவர்கள் முதலில் போக வேண்டியது அவர்கள் வீட்டுக்கு.