கோயில் கதவு மூடியிருந்த நாள்களில் நம் குடும்பங்கள்

ஒரு பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர், அடிக்கல் நாட்டிய நாள், மந்திரித்த ஆயர், மாறி மாறி வந்த பங்குத்தந்தையர் என்று வரிசைப்படுத்துவது வழக்கம். அவையெல்லாம் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. கோயிலுக்குள் ஒருவரும் வராதிருந்த மாதங்களின் வரலாற்றையே நாம் இங்கு எழுத விழைகின்றோம். அதற்குக் கல்வெட்டு ஏதும் இல்லை. இப்போது எழுதி வைக்காவிடில், அடுத்த விழா மலரை எழுதுவோர் 2020 என்னும் ஆண்டைத் தாண்டிப் போய்விடுவர்.

அவ்வாண்டு மார்ச் 22, ஞாயிறு, நாடெங்கும் மக்கள் ஊரடங்கு. 24-ஆம் நாள் மாலை 6 மணிக்குத் தமிழகமெங்கும் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு. நம் பீர்க்கன்கரணையில் பலர் தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். அந்நாள்களில் பொங்கல் வந்தால் பெருங்களத்தூர் நிறுத்தத்தில் மூட்டை முடிச்சோடு நின்று, பேருந்து பிடித்து, பெற்றோரைப் போய்ப் பார்த்துவந்தவர்கள். அந்த நெடுஞ்சாலை ஓய்ந்தது. மின்ரயிலும் நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் வேண்டும் என்றாயிற்று. தாய்க்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்தாலும் புறப்பட முடியாத நிலை.

2015 டிசம்பர் வெள்ளத்தை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியபோது, கிடைத்த கூடங்களிலெல்லாம் மக்கள் ஒன்றுகூடினர். ஒரே அண்டாவில் பொங்கி, சாதி சமயம் பாராமல் பகிர்ந்துண்டனர். துன்பம் வந்தால் ஒன்றுசேர்வது என்பதே நாம் அறிந்த பாடம். 2020-இல் வந்த துன்பமோ, ஒன்றுசேர்ந்தால் கொல்லும் துன்பம். அதற்கான பாடம் நம்மிடம் இருக்கவில்லை.

ஆயினும் நோயால் குடும்பம் பிரிந்திருப்பது இவ்வட்டாரத்துக்கு முற்றிலும் புதிதன்று. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தாம்பரம் சானடோரியம் இருக்கின்றது. இங்கிலாந்தில் காசநோய் மருத்துவராகப் பணியாற்றித் திரும்பிய டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928-இல் அதை நிறுவினார்; 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. காசநோய்க்குத் தக்க மருந்து தோன்றாத காலம் அது. நல்ல காற்றும், நல்ல உணவும், ஓய்வுமே சிகிச்சை. தாயைப் பிள்ளைகளிடமிருந்தும், கணவனை மனைவியிடமிருந்தும் மாதக்கணக்கில் பிரித்து வைத்தார்கள். அவர்களுக்கு அஞ்சலட்டைதான் துணை. இன்று அப்பெயரை ரயில் நிலையப் பெயராக மட்டுமே சொல்லி இறங்கிப் போகின்றோம். 2020-இல் அதே மருத்துவமனை கொரோனா நோயாளிகளையும் ஏற்றது.

நம் வீடுகளுக்குள் நடந்ததைச் சொல்வோம். ஒரு படுக்கையறையும் ஒரு கூடமுமான வாடகை வீட்டில் ஆறு பேர், இருபத்துநான்கு மணி நேரமும். கணவன் பகலில் வீட்டிலிருப்பதை அதுவரை ஞாயிறன்று மட்டுமே கண்ட மனைவியர், சமையலறையில் தமக்கென்று இருந்த அமைதியையும் இழந்தனர். சண்டைகள் நடந்தன, தொலைபேசியில் நம்மிடமே இருதரப்பும் வழக்குரைத்ததுண்டு. கூலி நின்ற வீடுகளில் ரேஷன் கடையின் ஆயிரம் ரூபாயும் அரிசியும் பருப்புமே அடுப்பெரித்தன. பிள்ளைகள் மூவருக்கும் ஒரே கைப்பேசி. மூத்தவனுக்கு வகுப்பென்றால் இளையவளுக்கு இல்லை. மாலையில் அதே கைப்பேசியில் ஊரிலுள்ள பாட்டியின் முகம் பார்க்க வேண்டும். பாட்டியோ கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வார். இங்கே பேரப்பிள்ளைகளுக்குத் தெரிவது அவருடைய காதுக் கம்மல் மட்டுமே! அதைப் பார்த்துச் சிரித்தே சில வீடுகளில் பொழுது போயிற்று.

ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. ஆளில்லாத கோயிலில் புனித வாரத்தை நிறைவேற்ற உரோமையிலிருந்து ஒழுங்குகள் வந்திருந்தன. அவ்வாண்டு பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கும் விடப்பட்டது. குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்த காலத்தில், 1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது பேராயர் சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திகளில் பீடங்களை அமைத்து, மக்கள் தம் சன்னல்களில் நின்றே திருப்பலி காணச் செய்ததைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். அது நமக்கும் நேரும் என்று அப்போது எண்ணவில்லை. நம் மக்களின் சன்னல் மாதா தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஆயின. கொல்லைத் தென்னையின் குருத்தைக் கிள்ளி, தாத்தா சிலுவை பின்னிக் காட்ட, பேரன் அதைப் படமெடுத்து நமக்கு அனுப்பினான். அதுவரை குருத்தோலையைக் கோயில் வாசலில் வாங்கிப் பழகிய பிள்ளை அவன்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, அதில் நாள்தோறும் செபமும் செய்தியும் அனுப்பி, பங்கு முழுவதும் நம்மோடு இருக்கின்றது என்று நம்பிவிட்டோம். மே மாதம் பங்கின் குடும்பப் பதிவேட்டை எடுத்து வரிசையாக அழைக்கத் தொடங்கியபோதுதான் உண்மை தெரிந்தது. பதிவேட்டில் சந்தா நிலுவை ஒன்றுகூடத் தவறவில்லை. தொலைபேசி எண்களோ பாதி வீடுகளுக்கு இல்லை, இருந்தவற்றிலும் பல பழையவை. தனியே வாழ்ந்த ஒரு மூதாட்டியாரிடம் சாதாரண பொத்தான் கைப்பேசி இருந்தது. அதில் பணம் போட ஆளில்லை. அவருக்கு ஏழு வாரம் நம்மிடமிருந்து ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. சுவருக்கு அப்பாலிருந்த இந்துக் குடும்பத்துப் பெண்தான் அவருக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்து வந்தார். "சாமி, என்னை மறந்துட்டீங்கன்னு நினைக்கல, உங்களுக்கும் நோய் வந்துருச்சோன்னுதான் பயந்தேன்" என்றார் மூதாட்டியார். நமக்குப் பதில் வரவில்லை.

சாவு வீடுகளே மிகக் கடினம். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்பது விதி. மகன் வளைகுடா நாட்டில்; மார்ச் 23-லிருந்தே பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றிருந்தன. மே 7 முதலே அரசு சிறப்பு விமானங்களை விட்டது. தந்தையின் குழியருகே உறவினர் ஒருவர் கைப்பேசியைப் பிடித்து நிற்க, அங்கிருந்த மகன், "மண்ணு போடாதீங்க, இன்னும் ஒரு நிமிஷம்" என்று கேட்டதை நாம் கேட்டோம். மந்திரிப்புச் செபத்தை மீண்டும் ஒருமுறை மெதுவாகச் சொன்னோம். அதற்கு மேல் என்ன செய்வது?

அந்த அளவும் கிடைக்காதோர் உண்டு. 2020 ஏப்ரல் 19 அன்று இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிசை, குடும்பத்தினர் விரும்பிய கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்க முடியவில்லை. வேலங்காட்டில் கூட்டம் தாக்கியதில் குடும்பத்தினர் அகல நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே இரவில் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். விரும்பிய இடத்தில் மீண்டும் அடக்கம் செய்ய அவருடைய மனைவி போராடி, 2021-இல் உயர் நீதிமன்ற அனுமதியைப் பெற்றார். அச்செய்தி வந்த நாள்களில், நம் பங்கில் நோய் கண்ட குடும்பங்கள் அதை வெளியே சொல்லவே அஞ்சின. வாசலில் தகரம் அடிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையோடு விளையாட வேண்டாம் என்று சொன்ன பெற்றோர் நம்முள்ளும் இருந்தார்கள். அதையும் இம்மலர் பதிவு செய்யத்தான் வேண்டும்.

செப்டம்பர் 1 முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அரசு இசைந்தது. ஞாயிறு முழு ஊரடங்கும் நீங்கியது. செப்டம்பர் 6, ஞாயிறன்று பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தபோது, இடைவெளி விட்டு ஒட்டிய வட்டங்களில் முகக்கவசமணிந்த குடும்பங்கள். யார் யார் என்று கண்களைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 65 வயதைக் கடந்தவர்களும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று அறிவுறுத்தியிருந்ததால், எந்நாளும் முதல் வரிசையில் அமரும் பெரியவர்கள் அன்று இல்லை. திருப்பலி முடிந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, நற்கருணைச் சிமிழை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். முதலில் சென்றது அந்தப் பொத்தான் கைப்பேசி மூதாட்டியார் வீட்டுக்கு. அவர் வாசற்படியில் அமர்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.