ரொக்கோகோ ஓவியம்

ரொக்கோகோ, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் உருவாகி ஐரோப்பிய அரசவைகள் பலவற்றுக்கும் பரவிய கலைப்பாணி. 1715-இல் பதினான்காம் லூயி மறைந்ததும், வெர்சாய் அரண்மனையின் கெடுபிடியில் கிடந்த பிரபுக்கள் பாரிஸ் மாளிகைகளுக்குத் திரும்பினார்கள். அங்கே அறைகள் சிறியவை. மன்னரின் போர் வெற்றிகளைப் பறைசாற்றும் பிரம்மாண்டப் படங்களுக்கு அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை. கதவுகளின் மேற்புறத்துக்கும் சுவர்ப்பலகைக்கும் பொருந்தும் வெளிர்நிறப் படங்களையே கேட்டு வாங்கினார்கள். கோடு பெரிதா, நிறம் பெரிதா என்று பிரெஞ்சு ஓவியக் கழகத்தில் நெடுநாள் நடந்த வாதத்திலும் ஓவியர் ரூபென்ஸைக் கொண்டாடிய நிறக் கட்சியின் கை ஏற்கெனவே ஓங்கியிருந்தது.

அந்தச் சூழலில் எழுந்த பெரும் கலைஞர் ஆன்ட்வான் வாத்தோ (1684–1721). 1717-இல் அவர் கழகத்துக்கு அளித்த ‘சித்தேரா தீவுப் பயணம்’ இப்போது லூவரில் இருக்கிறது. படத்தின் வலப்புறம் ரோஜா மாலை சூடிய வீனஸ் சிலை. அதனடியில் ஒருத்தி உட்கார்ந்தபடி காதலன் பேச்சைக் கேட்கிறாள். அடுத்தவள் தன் காதலனின் கைகளைப் பற்றி எழுகிறாள். மூன்றாமவள் புறப்பட்டுவிட்டாள், ஆனாலும் திரும்பிப் பார்க்கிறாள். தீவுக்குப் போகிறார்களா, தீவைவிட்டுப் போகிறார்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ரொக்கோகோவை வெறும் ஒய்யாரம் என்று ஒதுக்குபவர்கள் அந்தத் திரும்பிய முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். வாத்தோ காசநோயால் 36 வயதிலேயே இறந்தார்.

வெனிஸிலிருந்து வந்த ரொசால்பா கரியேரா, பாஸ்டல் உருவப்படங்களால் பாரிஸைக் கவர்ந்தார். பின்னர், மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் பொம்பதூரின் ஆதரவில் பிரான்சுவா பூஷே கோலோச்சினார். நுரையும் முத்தும் இளஞ்சிவப்பு மேனியுமாக அவர் தீட்டியவை கண்ணுக்கு விருந்து, ஆனால் வாத்தோவின் ஆழம் அவற்றில் இல்லை. ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க் அரண்மனையில் தியெபொலோ தீட்டிய படிக்கூட விதானம் (1752–53) இப்பாணியின் மிக விரிந்த வானம்.

பிரெஞ்சு ஓவியர் ஃபிராகோனாரின் ‘ஊஞ்சல்’ (சுமார் 1767) ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத படம். நீலப்பச்சை இலைகளுக்கு நடுவே இளஞ்சிவப்புப் பாவாடை விரிய ஒருத்தி ஆடுகிறாள். காலணி காற்றில் பறக்கிறது. புதரில் காதலன் சாய்ந்து கிடக்கிறான். பின்னால் நிழலில் வயதானவர் கயிற்றைப் பிடித்திருக்கிறார். மன்மதன் சிலை உதட்டில் விரல் வைத்து மௌனம் கேட்கிறது. தூரிகையின் வேகம் இலைதோறும் தெரிகிறது.

தீதரோ போன்ற சிந்தனையாளர்கள் ரொக்கோகோவில் ஒழுக்கக்கேட்டைக் கண்டார்கள். 1770-களில் மன்னரின் பிந்தைய காதலி மதாம் து பாரி ஃபிராகோனாரின் காதல் ஓவியத் தொடரைத் திருப்பி அனுப்பினார். அது இப்போது நியூயார்க்கின் ஃபிரிக் காட்சியகத்தில் உள்ளது. டேவிட்டின் நவசெவ்வியல் பாணியும் 1789 புரட்சியும் ரொக்கோகோவை ஓரங்கட்டின. ஆனாலும் 1869-இல் மருத்துவர் லூயி லா காஸின் சேகரிப்பு, வாத்தோவின் ‘பியெரோ’ உட்பட, லூவருக்கு வந்து சேர்ந்தது.